பெயர் இல்லாத பட்டியல்

ஊழல் எப்போதும் யாரோ ஒருவரின் பெயரில்தான் நடக்கிறது. இறந்துபோனவர் பெயரில் கூலி, ஊரிலேயே இல்லாதவர் பெயரில் ரேஷன் அட்டை, உறவினர் பெயரில் ஒப்பந்தம், பினாமி பெயரில் வீட்டுமனை. எனவே, அரசுப் பணம் எங்கே போனது என்று அறிய விரும்பும் குடிமகனுக்கு முதலில் தேவைப்படுவது பெயர்ப் பட்டியல். அதைக் கேட்டுப் பெறும் உரிமை இப்போது பெருமளவு சுருக்கப்பட்டுவிட்டது.

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3)-வது பிரிவு, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தியது. 2025 நவம்பரில் அத்திருத்தம் நடைமுறைக்கும் வந்தது.

பழைய பிரிவு தனிநபர் அந்தரங்கத்தைக் காக்கத் தவறவில்லை. பொது நடவடிக்கைக்கோ பொதுநலனுக்கோ தொடர்பில்லாத அல்லது ஒருவரது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தகவல்களை மறுக்கலாம் என்றே அது கூறியது. பெரும் பொதுநலன் இருப்பின் அவற்றையும் தர வேண்டும் என்றது. நாடாளுமன்றத்துக்கோ சட்டப்பேரவைக்கோ மறுக்க முடியாத தகவலைத் தனிமனிதருக்கும் மறுக்கக் கூடாது என்ற உயரிய நெறியும் அதில் இருந்தது. இவை அனைத்தும் நீக்கப்பட்டு, "தனிப்பட்ட தகவல்" என்ற ஒற்றைக் காரணமே மறுப்பதற்குப் போதும் என்றாகிவிட்டது.

இந்த உரிமை எங்கே பிறந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பினர் 1994-இல் கிராமங்களில் பொது விசாரணைகளை நடத்தத் தொடங்கினர். வேலை செய்தோரின் கூலிப் பட்டியலும் செலவுச் சீட்டுகளும் ஊர் மக்கள் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டன. எந்தப் பெயருக்கு உரியவர் வேலைக்கே போகவில்லை, யாருக்குக் கூலி முழுதாகத் தரப்படவில்லை என்பதை ஊரே எழுந்து சொன்னது. 1996-இல் பியாவர் நகரில் 40 நாள்கள் நடந்த தர்ணா, இந்தக் கோரிக்கையை நாடறியச் செய்தது. அன்று படிக்கப்பட்ட பட்டியல்களில் பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தால் ஒரு முறைகேடுகூட வெளிவந்திருக்காது.

மும்பை கொலாபாவில் எழுந்த ஆதர்ஷ் அடுக்குமாடிக் குடியிருப்பின் கதையும் அதுவே. வீடு பெற்றவர்களில் அரசியல்வாதிகள், உயரதிகாரிகள் ஆகியோரின் உறவினர்களும் இருந்தது வெளிவந்ததால்தான், 2010-இல் மகாராஷ்டிர முதல்வர் பதவி விலக நேர்ந்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துள்ளதையும், பொதுநலன் கருதித் தகவல் அளிக்க வகைசெய்யும் 8(2) பிரிவு அப்படியே நீடிப்பதையும் மத்திய அரசு சுட்டிக்காட்டுகிறது. குடிமகனின் மருத்துவ விவரமும் வங்கிக் கணக்கும் தெருவுக்கு வரக் கூடாது என்பதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால், அவற்றைக் காக்கப் பழைய பிரிவே போதுமானதாக இருந்தது. ஓர் அதிகாரியின் பணிப் பதிவேடு, அவருக்கு அளிக்கப்பட்ட குறிப்பாணைகள், சொத்து விவரம் ஆகியவையும் தனிப்பட்ட தகவல்களே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் கூறியதும் அந்தப் பிரிவின் அடிப்படையில்தான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையே கொளுத்துவதா?

8(2) பிரிவோ, தகவலைத் தரலாம் என்று நிர்வாகத்தின் விருப்பத்துக்கு விடுகிறதே தவிர, தந்தாக வேண்டும் என்று கட்டளையிடவில்லை. தகவல் கேட்பவர் காரணம் கூறத் தேவையில்லை என்கிறது இச்சட்டத்தின் 6(2) பிரிவு. இனிமேல், பெயர் அடங்கிய எந்தக் கோப்பைக் கேட்டாலும், அதிலுள்ள பொதுநலனை விண்ணப்பதாரரே எடுத்துரைத்து வாதாட வேண்டியிருக்கும். கோப்பைப் பார்க்காமலேயே அதில் முறைகேடு இருப்பதாக அவர் எப்படி நிறுவுவார்? மானியத் திட்டப் பயனாளிகளின் விவரங்களை அரசு அமைப்புகள் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது 4-வது பிரிவு. தனிப்பட்ட தகவலைத் தர வேண்டியதில்லை என்கிறது திருத்தப்பட்ட 8-வது பிரிவு. இரண்டில் தமக்கு வசதியானதை அதிகாரிகள் பற்றிக்கொள்வார்கள் என்பதில் ஐயமில்லை.

மேல்முறையீட்டுக்குப் போகலாமே என்றால், அந்த வழியும் செப்பமாக இல்லை. தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் நிர்ணயிக்கும் அதிகாரத்தை 2019-ஆம் ஆண்டு திருத்தம் மத்திய அரசின் கையில் கொடுத்தது. ஐந்தாண்டாக இருந்த பதவிக்காலம் மூன்றாண்டாகக் குறைந்தது. காலியிடங்களை உரிய காலத்தில் நிரப்ப வேண்டும் என்று அதே ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும், ஜார்க்கண்ட் மாநிலத் தகவல் ஆணையம் 2020 மே மாதத்துக்குப் பின்னர் ஆண்டுக்கணக்கில் ஆணையர்களே இல்லாமல் முடங்கிக் கிடந்தது. இதில் எந்தக் கட்சி ஆளும் மாநிலமும் பெருமைப்பட்டுக்கொள்ள ஏதுமில்லை. தாங்கள் இச்சட்டத்தின் வரம்புக்குள் வருவதாக 2013-இல் மத்தியத் தகவல் ஆணையம் கூறியதை ஏற்காதவை அல்லவா நமது தேசியக் கட்சிகள்?

நாடாளுமன்றம் செய்ய வேண்டியது கடினமானதல்ல. 8(1)(ஜெ) பிரிவின் பழைய வாசகத்தை அப்படியே மீட்டுத் தந்தால் போதும். பொதுப்பணத்தைப் பெறுவோர், செலவிடுவோர், அதற்கு ஒப்புதல் அளிப்போர் ஆகியோரின் பெயர்கள் தனிப்பட்ட தகவல் ஆகா என்பதையும் சட்டத்திலேயே தெளிவாக்கிவிடலாம். அரசு அதிகாரம் செலுத்துவது மக்களின் பெயரால். செலவிடுவது மக்களின் பணத்தை. அந்தக் கணக்கில் யார் யார் பெயர் இருக்கிறது என்று கேட்க மக்களுக்கு உரிமை இல்லையென்றால், வேறு யாருக்கு இருக்கிறது?