வருகைப் பதிவேட்டில் பால் கணக்கு எழுதுவோமா?



பொன்மலையில் என்னிடம் படித்தவர்கள் இன்று சைட் இன்ஜினியர், நர்ஸ், ஆசிரியர், காப்பீட்டு முகவர், ரயில்வே ஊழியர் என்று பல வேலைகளில் இருக்கிறீர்கள். எந்த வேலையானாலும் கையில் ஒரு போன், அதில் பல ஆயிரம் படங்கள். சில மாதங்களாக ஐந்தாறு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், ஆபீஸ் போட்டோவையும் வீட்டு போட்டோவையும் தனித்தனியா வைக்க நல்ல சாஃப்ட்வேர் எது?"

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, ஆசிரியர் பயிற்சி டிப்ளமோதான். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் பதிவேடுகள் பராமரித்தவள். வருகைப் பதிவேட்டில் யாராவது பால் கணக்கு எழுதுவோமா? இரண்டும் கணக்குதான், எழுதுவதும் ஒரே கைதான். இருந்தாலும் அது பள்ளிக்கூட அலமாரியில் இருக்கும், இது வீட்டுச் சுவரில் தொங்கும். போன் வந்த பிறகு இரண்டும் ஒரே கேலரிக்குள் போய்விட்டன. குழந்தையின் பிறந்தநாள் படத்துக்கு அடுத்த படம் ஒரு வாடிக்கையாளரின் ஆதார் அட்டை.

இதில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன். இருவரும் என் பழைய மாணவர்கள், அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊரும் நிறுவனமும் வேண்டாம்.

ஒருவர் கடன் பிரிவில் வேலை பார்க்கிறார். ஒரு கல்யாண வீட்டில் நிச்சயதார்த்தப் படங்களைக் காட்ட போனைக் கொடுத்திருக்கிறார். அது கை மாறிக் கை மாறிப் போய், யாரோ விரலால் நாலு படம் கூடுதலாகத் தள்ளிவிட்டார்கள். அங்கே ஒரு வீட்டுப் பத்திரம். அந்த வீட்டுக்காரர் அதே பந்தியில் உட்கார்ந்திருந்தார். வீடு அடமானத்தில் இருப்பது அதுவரை அவர் தம்பிகளுக்குத் தெரியாது. அந்தக் குடும்பத்தில் இன்றுவரை பேச்சுவார்த்தை சரியாகவில்லை.

இன்னொருவர் அலுவலகம் கொடுத்த போனிலேயே மகளின் முதல் வருடப் படங்களை எல்லாம் எடுத்தார். வேலையை விட்டபோது, வழக்கப்படி அந்தப் போனை முழுவதும் அழித்துவிட்டார்கள். முதல் நடை, முதல் மொட்டை எதுவும் இப்போது அவரிடம் இல்லை.

"இப்போ போனே முகத்தைப் பார்த்துத் தேடிக் கொடுக்குதே டீச்சர், எதுக்குப் பிரிக்கணும்?" என்கிறார்கள். உண்மைதான், கூகுள் போட்டோஸ் நன்றாகவே தேடுகிறது. ஆனால் தேடுவது வேறு, பிரிப்பது வேறு. ஒரு படத்தை யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்பது அதற்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொந்த, வீட்டு உபயோகத்துக்குக் கையாளும் தரவுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. வேலைக்காக எடுப்பதற்கு அந்த விலக்கு இல்லை. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்றால் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. ஆசிரியர் வேலையில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

சரி, எந்த மென்பொருள்? என் கருத்து இதுதான்: படங்களைச் சாதாரண ஃபோல்டரிலேயே விட்டுவைக்கும் மென்பொருள்தான் நல்ல மென்பொருள். அந்த மென்பொருளை நீக்கினாலும் படமும் அதன் பிரிவும் அப்படியே இருக்க வேண்டும்.

காரணம் நாம் கண்ணால் பார்த்ததுதான். நம் வீடுகளில் பிக்காசா வைத்திருந்தோம் இல்லையா? 2016இல் கூகுள் அதை நிறுத்திவிட்டது. படங்கள் ஃபோல்டரில் இருந்ததால் பிழைத்தன. பிக்காசாவுக்குள் மட்டும் உட்கார்ந்து பிரித்த ஆல்பங்கள்தான் வேறு இடத்துக்கு ஒழுங்காக வரவில்லை. கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாக ஏற்றிக்கொண்டிருந்தோம். 2021 ஜூன் 1 முதல் அதுவும் போய், இப்போது மெயில், டிரைவ், போட்டோ எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். கம்பெனிக்காரர்கள் விதியை மாற்றத்தான் செய்வார்கள். ஃபோல்டர் எங்கும் போகாது.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். இது ஆண்ட்ராய்டு போனுக்கு.

1. எடுக்கும்போதே பிரியுங்கள். பிறகு பிரிக்கலாம் என்றால் அந்தப் பிறகு வராது. ஓப்பன் கேமரா என்று ஓர் இலவச ஆப் இருக்கிறது. படம் எந்த ஃபோல்டரில் சேர வேண்டும் என்று அதில் சொல்லிவிடலாம். வேலைப் படத்துக்கு அந்தக் கேமரா, 'பணி' என்ற ஃபோல்டர். வீட்டுப் படத்துக்குப் போனோடு வந்த கேமரா.

2. கூகுள் போட்டோஸில் எந்தெந்த ஃபோல்டர் பேக்கப் ஆக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். 'பணி'யை அணைத்துவிடுங்கள். ஒரு படம் எடுத்து, அது மேலே ஏறவில்லை என்று சோதித்தும் பாருங்கள்.

3. வாட்ஸ்அப்பில் வேலை குரூப் ஒவ்வொன்றுக்கும் உள்ளே போய், 'மீடியா விசிபிலிட்டி' என்பதில் 'நோ' கொடுங்கள். அதன் பிறகு வரும் படங்கள் கேலரியில் தெரியாது.

4. வாரம் ஒரு முறை கம்ப்யூட்டருக்கோ ஹார்டு டிஸ்குக்கோ மாற்றுங்கள். பெரிய ஃபோல்டர் இரண்டே இரண்டு: 'பணி', 'வீடு'. உள்ளே '2025-03-16 ஸ்ரீரங்கம்' என்பது போலப் பெயர். வருடத்தை முதலில் எழுதினால் தானாக வரிசையில் நிற்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எடுத்த தேதி உள்ளே இருக்காது என்பதால் இந்தப் பெயர் முக்கியம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்களின் படங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. எந்தக் கோயில், எந்த ஊர் என்று குறிப்பு இருப்பதால்தான் அது ஆவணம். குறிப்பு இல்லாவிட்டால் வெறும் கல் படங்கள்.

5. இதற்கு மேலும் வேண்டும் என்பவர்கள், அதாவது இருபதாயிரம் முப்பதாயிரம் படம் வைத்திருப்பவர்கள், கம்ப்யூட்டரில் டிஜிகேம் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம். அதில் ஆல்பம் என்றால் டிஸ்கில் இருக்கும் அதே ஃபோல்டர்தான். மற்றவர்களுக்கு ஃபோல்டரே போதும்.

'லாக்டு ஃபோல்டர்' பற்றிக் கேட்பீர்கள். அது பூட்டிய பெட்டி, பதிவேடு வைக்கும் அலமாரி இல்லை. பேக்கப் போடாமல் வைத்து, போனை ரீசெட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும். அலுவலகம் தனி இடம் கொடுத்தால் வேலைப் படங்களை அங்கேயே சேர்த்துவிட்டு, வேலை முடிந்ததும் உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். அலுவலகப் போனில் வீட்டுப் படம் ஒன்றுகூட வேண்டாம்.

பழைய ஆயிரக்கணக்கான படங்களை என்ன செய்வது என்று மலைக்காதீர்கள். இன்று எடுக்கும் படத்திலிருந்து ஆரம்பியுங்கள். பழையதில் மற்றவர்களின் ஆதார், பத்திரம், மருத்துவச் சீட்டு, பிற வீட்டுப் பிள்ளைகளின் முகம் இவற்றை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள். மீதி மெதுவாக நடக்கட்டும்.

நம்மை நம்பித்தான் ஒருவர் தன் பத்திரத்தைப் படம் எடுக்க விடுகிறார். நம்மை நம்பித்தான் ஒரு தாய் தன் பிள்ளையை வகுப்பில் உட்கார வைக்கிறாள். அவர்கள் படம் நம் வீட்டு ஆல்பத்துக்கு உரியதல்ல.

இந்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய் வந்து, காய்கறியைப் பிரித்து வைத்த கையோடு ஓர் அரை மணி நேரம் போனை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். முதல் மூன்றையும் அதற்குள் முடித்துவிடலாம். சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்