ரோஜாவுக்கு இசைந்தவர்கள் மொழிக்கு ஏன் மறுக்கிறார்கள்?

ஏப்ரல் 23. பார்சலோனாவில் தெருவுக்குத் தெரு ரோஜா விற்கிறார்கள். சந்த் ஜோர்தி என்னும் புனிதரின் திருநாள். கத்தலோனியர்களுக்குக் காதலர் நாளும் இதுவே. அரசு விடுமுறை கிடையாது. ஆயினும் வேலைக்கிடையே வெளியே வந்து, ராம்ப்லா வீதியின் புத்தகக் கடைகளை மொய்க்கிறார்கள். ஆண் பெண்ணுக்கு ரோஜாவும், பெண் ஆணுக்குப் புத்தகமும் தருவது வழக்கம். இன்று பலரும் இரண்டையுமே பரிமாறிக்கொள்கிறார்கள், அதுவே நியாயம்.

இந்நகரில் குடியேறிய தம்பதியராகிய நாங்களும் இந்நாளைக் கொண்டாடுகிறோம். 'யாரோ ஒரு புனிதரின் நாள் உங்களுக்கு எதற்கு?' என்று கேட்கும் நண்பர்களுண்டு. அவர்களோடு எங்களுக்கு வழக்கில்லை. வாழும் ஊரின் மகிழ்ச்சியில் பங்குகொள்ள மதச் சான்றிதழ் தேவையில்லை.

எங்கள் வழக்கு வேறொரு சாராரோடு. அவர்கள் ரோஜா வாங்குகிறார்கள், படமெடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். கத்தலான் மொழியில் புத்தகம் வாங்கினோம் என்றால் மட்டும் சிரிக்கிறார்கள். 'ஸ்பானிஷ் போதாதா? இந்தச் சிறிய மொழியைக் கற்று என்ன பயன்?'

இந்நாளுக்குப் புத்தகம் வந்த கதையை அவர்கள் அறிய வேண்டும். பார்சலோனாவில் பதிப்பாளராக இருந்த விசெந்தே கிளாவெலின் முயற்சியால் 1926இல் ஸ்பெயினில் புத்தக நாள் தொடங்கியது. அக்டோபரில் இருந்த அந்நாள் 1930இல் ஏப்ரல் 23க்கு மாற்றப்பட, ரோஜாவும் புத்தகமும் இணைந்தன. 1939இல் உள்நாட்டுப் போரில் வென்ற ஃபிராங்கோவின் ஆட்சி, பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் கத்தலானை விரட்டியது. அவ்வாண்டில் நாடு நீங்கிய மெர்சே ரொடொரேடா, பிற்பாடு ஜெனீவாவில் இருந்துகொண்டு தன் பார்சலோனாவைக் கத்தலானிலேயே எழுதினார். 'வைரச் சதுக்கம்' என்று பொருள்படும் தலைப்பிலான அந்நாவல் 1962இல் வெளியானது. 1995இல் யுனெஸ்கோ ஏப்ரல் 23ஐ உலகப் புத்தக நாளாக்கியது. உலகம் தேதியை எடுத்துக்கொண்டது; அத்தேதியைக் கொண்டாடியவர்களின் மொழியை விட்டுவிட்டது.

நாங்களும் அதைத்தான் செய்தோம். முதலாண்டு ஒருவருக்கொருவர் ஆங்கில நாவல்களைத் தந்து மகிழ்ந்தோம். விருந்துக்குப் போய்ச் சொந்தக் கட்டுச்சோற்றைப் பிரித்ததற்கு ஒப்பான செயல் அது. மறு ஆண்டு ரொடொரேடாவின் நாவலைக் கத்தலானில் வாங்கினோம். அகராதியை நடுவில் வைத்து, இரவுக்கு ஒரு பக்கம், சில இரவுகளில் அரைப்பக்கம். ஒரு சொல்லுக்காகச் சண்டையிட்டுக்கொண்டதுமுண்டு. மணமான இத்தனை ஆண்டுகளில் நாங்கள் இருவரும் ஒருசேர மாணவர்களானது அப்போதுதான்.

'எல்லாம் வணிகம்' என்பார்கள். ஆம், தொலைக்காட்சிப் பிரபலங்களின் நூல்கள் அன்று குவிந்து கிடப்பது உண்மைதான். ஆனால் அவற்றின் பக்கத்திலேயே கவிதைத் தொகுப்பும் கிடக்கிறது. எதை எடுப்பது என்பது நம் கையில்.

பேசுவோர் தொகைதான் மொழியின் தகுதி என்றால், 1965இல் தமிழகம் எதற்காகக் கொதித்தது? அன்று நம்மிடம் சொல்லப்பட்டதும் இதே வாதம்தானே? அந்த வாதத்தை மறுத்து வளர்ந்தவர்கள், விமானம் ஏறியதும் அதையே அடுத்தவர் மொழிமீது வீசுவது எந்த அறம்?

வரும் ஏப்ரலில் ரோஜா வாங்கும் நண்பர்கள் கூடவே ஒரு கத்தலான் புத்தகத்தையும் வாங்கட்டும். வாசிக்கத் தெரியாதெனில் கற்கட்டும். அதுவரை தாய்மொழிப் பற்றைக் குறித்து எங்களுக்கு வகுப்பெடுக்க வேண்டாம்.