தீவுப் பெண்களுக்கும் வேண்டும் அதிகாரம்

மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பாராட்டாத கட்சி நாடாளுமன்றத்தில் இல்லை. 83 லட்சம் குழுக்கள், 9 கோடிப் பெண்கள் என்று 2024 இடைக்கால பட்ஜெட் உரையிலும் பெருமையுடன் கூறப்பட்டது. ஆனால், பெண்ணின் பெயரில் வாங்கிய கடனை எதற்குச் செலவிடுவது என்று வீட்டில் தீர்மானிப்பவர் யார், அவளது குழுவின் கோரிக்கையை ஊரில் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்விகள் அவையில் அதிகம் எழுவதில்லை.

அந்தமான் தீவுகளில் இக் கேள்விகள் இன்னும் கூர்மையானவை. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், ஜங்லிகாட் மீன் இறங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். மீன் விற்கும் பெண்கள் குழுவாகச் சேமிக்கலாம். வங்கிக் கடனும் பெறலாம். நிழற்கூரையும் குடிநீரும் கழிப்பறையும் கடனால் வருவன அல்ல. அவற்றை முடிவு செய்வது நகராட்சி மன்றம். அதற்கு மேல் துணைநிலை ஆளுநரின் நிர்வாகம். அதற்கும் மேல் தில்லியில் உள்துறை அமைச்சகம். ஊரகத் தீவுகளில் நகராட்சியின் இடத்தில் கிராம ஊராட்சி இருக்கிறது. மேலே உள்ள அடுக்குகள் மாறுவதில்லை.

சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசம் இது. எனவே, 2023-ல் நிறைவேறிய 106-வது அரசியல் சாசனத் திருத்தத்தின் சட்டமன்ற ஒதுக்கீட்டால் இங்குள்ள பெண்களுக்குப் பயன் ஏதுமில்லை. இருப்பதோ ஒரே மக்களவைத் தொகுதி. 1967-ல் முதல் தேர்தல் நடந்ததிலிருந்து 2024 வரை அங்கே பெண் எவரும் வென்றதில்லை. அது மகளிர் தொகுதியாக என்றேனும் மாறுமா என்பதற்கும் அத் திருத்தத்தில் விடையில்லை.

ஆக, எஞ்சியிருப்பவை உள்ளாட்சி அமைப்புகளே. 2023 மார்ச்சில் 24 உறுப்பினர் கொண்ட நகராட்சி மன்றத்தின் தலைவராக எஸ். செல்வி 14 வாக்குகள் பெற்றுத் தேர்வானார். வாய்ப்பு அமைந்தால் பெண்கள் தயங்குவதில்லை. கேரளத்தில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் பெண்கள் தங்கள் கோரிக்கைகளை ஊராட்சித் திட்டத்திலேயே சேர்க்கின்றனர். பலர் உறுப்பினர்களாகவும் ஆகியுள்ளனர். 1989-ல் தருமபுரியில் குழுக்களைத் தொடங்கி நாட்டுக்கு வழிகாட்டிய தமிழகமோ, உள்ளாட்சியில் 50 சதவீத ஒதுக்கீட்டுக்கு 2016-ல்தான் சட்டம் இயற்றியது. அதன் பிறகும் மனைவியின் நாற்காலியில் அமரும் கணவர்கள் குறைந்தபாடில்லை. இந்த நோய் நாடு முழுவதும் உண்டு என்பதால்தான், பினாமித் தலைவர்களுக்குக் கடும் தண்டனை வேண்டும் என்று மத்திய ஊராட்சி அமைச்சகம் அமைத்த குழு 2025-ல் பரிந்துரைத்தது.

அந்தமானுக்கு உள்துறை அமைச்சர் தலைமையில் ஆலோசனைக் குழு என்ற ஏற்பாடு உண்டு. அதில் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பிலிருந்து இரண்டு பெண்களுக்கு இடமளிக்கச் சட்டத் திருத்தம் தேவையில்லை. அமைச்சகத்தின் ஓர் உத்தரவே போதும். குழுக்கள் தரும் கோரிக்கையை உள்ளாட்சி மன்றங்கள் ஏற்க மறுத்தால், அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்றும் நிர்வாகம் விதிக்கலாம்.