காஷ்மீர்: பனி மூடும் பாதைகளும் அங்கே வாழும் மக்களும்

காஷ்மீர் மக்களின் நாட்காட்டியில் டிசம்பர் 21 முக்கியமான நாள். அன்று தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிருக்கு 'சில்லை கலான்' என்று பெயர். அது முடிந்ததும் இருபது நாள் 'சில்லை குர்த்', அதற்குப் பிறகு பத்து நாள் 'சில்லை பச்சா'. ஆக, எழுபது நாட்கள் அந்தப் பள்ளத்தாக்கின் வாழ்க்கையே வேறு.

தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வு விடுமுறை வருவதும் ஏறக்குறைய இதே நாட்களில்தான். முன்பெல்லாம் விடுமுறை என்றால் ஊட்டி, கொடைக்கானல். இன்று நம் குடும்பங்கள் பலவும் பனி பார்க்க ஸ்ரீநகருக்கும் குல்மார்க்கிற்கும் கிளம்புகின்றன. பனியில் நின்று படம் எடுத்துத் திரும்பும் நமக்கு, அந்தப் பனிக்குள் ஒரு நகரம் எப்படி வாழ்கிறது, எதனால் சாகிறது என்பது தெரிவதில்லை. சுற்றுலாப் பயணிக்கும் உள்ளூர்வாசிக்கும் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இரண்டு பனி இரவுகள்

2024 டிசம்பர் 20-21 இரவில் ஸ்ரீநகரில் வெப்பநிலை மைனஸ் 8.5 டிகிரி செல்சியஸாக இறங்கியது. டிசம்பர் மாதத்தில் அரை நூற்றாண்டு காணாத குளிர் அது. தண்ணீர்க் குழாய்கள் உறைந்தன. தால் ஏரியின் விளிம்புகளில் பனிக்கட்டி படர்ந்தது. ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 27 அன்று பெரும் பனிப்பொழிவு. ஜம்மு - ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் காஸிகுந்த் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் சிக்கின. விமானங்கள் ரத்தாயின.

அந்த இரவுகளில் ஒரு செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. சோனாமார்க் செல்லும் வழியில், காந்தர்பல் மாவட்டத்தின் குந்த் என்ற ஊரில், பஞ்சாபிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள் பனியில் மாட்டிக்கொண்டார்கள். தங்க இடமில்லை. ஊர் மக்கள் ஜாமிஆ பள்ளிவாசலைத் திறந்து அவர்களை உள்ளே படுக்க வைத்தார்கள். காஷ்மீரின் பள்ளிவாசல்கள் பலவற்றில் 'ஹமாம்' உண்டு. கல் பாவிய தளத்திற்குக் கீழே விறகு எரித்து அறை முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு இது. ஒளுச் செய்ய வெந்நீரும் அதிலேயே கிடைக்கும். தொழுகைக்கு முன்னும் பின்னும் முதியவர்கள் அங்கே அமர்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அன்றிரவு அந்தச் சூடு வழிப்போக்கர்களின் உயிரைக் காத்தது. ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் சேர்த்துச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. குந்த் மக்கள் அதை நடைமுறையில் காட்டினார்கள்.

இதோடு வைத்துப் பார்க்க வேண்டிய இன்னோர் இரவு, 2022 ஜனவரி 7-8. இடம், பாகிஸ்தானின் மலை நகரமான முர்ரி. பனி பார்க்க வந்த கூட்டம் ஊர் தாங்கும் அளவைத் தாண்டியது. பாதைகள் அடைபட, குடும்பங்கள் காருக்குள்ளேயே இரவைக் கழித்தன. விடிந்தபோது குழந்தைகள் உட்பட 20க்கும் மேற்பட்டோர் இறந்து கிடந்தார்கள். விடுதிகள் வாடகையைப் பல மடங்கு ஏற்றிய புகார்களும் எழுந்தன. பனி வரும் என்ற எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தும் வாகனங்களைத் தடுக்கத் தாமதமானது. பனி அகற்றும் வண்டிகளில் பெரும்பகுதி ஒரே இடத்தில் நின்றிருந்ததும் அரசு விசாரணையில் தெரியவந்தது. அதிகாரிகள் பலர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

முர்ரியில் உதவிய உள்ளூர் மக்களும் இருந்தார்கள். ஆனால் நல்ல மனம் கொண்ட அண்டை வீட்டார் மட்டும் போதாது, நேரத்தில் பாதையை அடைக்கும் நிர்வாகமும் வேண்டும் என்பதே அந்த இரவு சொன்ன பாடம்.

வாசனையில்லாத நஞ்சு

முர்ரியில் காருக்குள் இறந்தவர்களில் பலரைக் கொன்றது கார்பன் மோனாக்சைடு வாயு என்று கூறப்பட்டது. குளிர் தாங்க எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி மூடிக்கொள்கிறோம். வெளியே விழும் பனி வண்டியின் புகைக்குழாயை அடைக்கிறது. வெளியேற முடியாத புகை வண்டிக்குள் கசிகிறது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், தூக்கம் என்று வந்து, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

இதே நஞ்சு வீட்டுக்குள்ளும் வருகிறது. 2025 ஜனவரி 5 அன்று ஸ்ரீநகரில் வாடகை வீடொன்றில் கணவன், மனைவி, மூன்று குழந்தைகள் என ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் காஷ்மீரில் இப்படியான ஜனாஸாக்கள் நடக்கின்றன. விறகு அடுப்பான புகாரி, எரிவாயு ஹீட்டர், கரி நெருப்பு வைத்த காங்ரி இவற்றில் ஏதோ ஒன்று, காற்றுப் புகாமல் அடைத்த அறையில் இரவு முழுவதும் எரிந்துகொண்டிருக்கும்.

காங்ரி என்பது பிரம்புக் கூடைக்குள் வைத்த மண் சட்டி. அதில் கரித்தணலை இட்டு, 'ஃபெரன்' எனும் நீண்ட அங்கிக்குள் வைத்துக்கொள்வார்கள். ஏழைக்கும் எட்டும் மலிவான சூடு இது. ஆனால் ஆண்டுக்கணக்கில் தொடையிலும் வயிற்றிலும் அனல் படுவதால் வரும் தோல் புற்றுநோய்க்கு மருத்துவ நூல்களில் 'காங்ரி புற்றுநோய்' என்றே பெயர் இருக்கிறது.

அப்படியானால் மின்சார ஹீட்டருக்கு மாறலாமே என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல். குளிர்காலத்தில் ஜீலம், செனாப் நதிகளில் நீர்வரத்து குறைகிறது, நீர்மின் உற்பத்தியும் சரிகிறது. தேவை உச்சத்தில் இருக்கும்போது உற்பத்தி அடிமட்டத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து விலைக்கு வாங்க வேண்டிய நிலை, அதனால் மின்வெட்டு. சலால், துல்ஹஸ்தி, உரி போன்ற பெரிய நீர்மின் நிலையங்கள் மத்திய அரசு நிறுவனமான என்.எச்.பி.சி.யிடம் உள்ளன. தங்கள் நதியில் எடுக்கும் மின்சாரத்தைத் தாங்களே விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது என்பது காஷ்மீரிகளின் நெடுநாள் ஆதங்கம். மின்சாரம் போகும் இரவில் மக்கள் மீண்டும் கரிக்கும் எரிவாயுவுக்கும் திரும்புகிறார்கள். ஆக, மூச்சுத்திணறல் சாவுகளைத் தனிமனிதக் கவனக்குறைவு என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

சுரங்கப்பாதைகள் திறந்தன, ஆனால்...

காஷ்மீரை நாட்டின் பிற பகுதிகளோடு இணைக்கும் முக்கியப் பாதை ஜம்மு - ஸ்ரீநகர் நெடுஞ்சாலை. காஷ்மீரின் பாதைகளில் அண்மை ஆண்டுகளில் பெரிய மாற்றங்கள் வந்திருப்பது உண்மை. 2017-இல் செனானி - நஷ்ரி சுரங்கப்பாதை, சுமார் 9 கி.மீ. 2021-இல் பனிஹால் - காஸிகுந்த் சுரங்கப்பாதை, சுமார் 8.5 கி.மீ. 2025 ஜனவரி 13 அன்று சோனாமார்க் சுரங்கப்பாதை, சுமார் 6.4 கி.மீ. இந்த மூன்றாவது பாதைக்காக உழைத்தவர்களில் ஏழு பேர் 2024 அக்டோபரில் ககன்கிரில் நடந்த தாக்குதலில் கொல்லப்பட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 2025 ஜூன் 6 அன்று, ஆற்றுப்படுகையிலிருந்து 359 மீட்டர் உயரமுள்ள செனாப் ரயில் பாலமும், கத்ரா - ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயிலும் தொடங்கிவைக்கப்பட்டன. அந்த ரயிலில் முன்கண்ணாடியும் தண்ணீர்க் குழாய்களும் உறையாதபடி சூடேற்றும் வசதி உண்டு.

ஆனாலும் சுரங்கத்தின் இரு முனைகளிலும் மலைச்சாலைதான். ராம்பன் - பனிஹால் பகுதியில் மழைக்கும் பனிக்கும் மண் சரிகிறது, கற்கள் உருள்கின்றன. 2025 ஆகஸ்ட் இறுதியில் பெய்த மழையால் நெடுஞ்சாலை சேதமடைந்து, லாரிகள் நாட்கணக்கில் நின்றன. அறுவடைக் காலத்தில் ஆப்பிள் வண்டியிலேயே அழுகியது. இந்தியாவின் ஆப்பிள் விளைச்சலில் பெரும்பங்கு காஷ்மீருடையது. சென்னையிலும் மதுரையிலும் நாம் வாங்கும் பழத்தின் விலைக்கும் அந்தச் சாலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பிறகு பழங்களை ரயிலில் டெல்லிக்கு அனுப்பத் தொடங்கியது நல்ல திருப்பம்.

நெடுஞ்சாலையிலிருந்து விலகிய ஊர்களின் நிலை இன்னும் கடினம். ராஸ்தான் கணவாய் மூடினால் குரேஸ் துண்டிக்கப்படும். ஸாதனா கணவாய் மூடினால் தங்தார் துண்டிக்கப்படும். அங்கே பிரசவ வலி எடுத்தால், கட்டிலில் வைத்துத் தோளில் சுமந்து பனியில் நடப்பது இன்றும் நடக்கிறது. பெரிய பாலங்களின் திறப்பு விழாவில் காட்டும் அக்கறையை இந்த ஊர்களின் மருத்துவமனைகளுக்கும் ஹெலிகாப்டர் சேவைக்கும் காட்ட வேண்டும்.

பனி குறைந்தாலும் கவலை

பனி தொல்லை என்றால் பனி இல்லாவிட்டால் நிம்மதிதானே? இல்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் மலைச்சரிவுகள் புல் தெரியக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி இல்லாமல் தள்ளிவைக்கப்பட்டன. அதே பிப்ரவரியில் தெற்கு காஷ்மீரில் முகலாயர் காலத் தோட்டமான அச்சபல்லின் ஊற்று வறண்டுபோனது. குளிர்காலத்தில் மலையில் சேரும் பனிதான் கோடையில் உருகி வயலுக்கும் ஆப்பிள் தோட்டத்திற்கும் குடிநீருக்கும் வருகிறது. சில்லை கலானில் பனி விழவேண்டும் என்று காஷ்மீரிகள் துஆ கேட்பதன் காரணம் இதுதான்.

பயணம் செல்வோர் கவனத்திற்கு

2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு சுற்றுலா பெரிதும் சரிந்தது. அதை நம்பி வாழும் குடும்பங்களுக்காகவாவது நாம் போக வேண்டும். ஆனால் அறிந்துகொண்டு போக வேண்டும்.

முதலாவது, வண்டியை உள்ளூர் ஓட்டுநரிடம் விடுங்கள். சமவெளியில் இருபது ஆண்டு ஓட்டிய அனுபவம் பனியில் உதவாது. தங்மார்க்கிலிருந்து குல்மார்க் ஏற, பனிக்காலத்தில் டயரில் சங்கிலி கட்டிய வண்டியோ நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியோ வேண்டும். ஓட்டுநர் "இன்று வேண்டாம்" என்றால் அவரோடு வாதிடாதீர்கள்.

இரண்டாவது, வெள்ளைப் பனியைவிட ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி. உருகிய நீர் இரவில் சாலையில் மெல்லிய கண்ணாடிபோல் உறையும். தார்ச்சாலை ஈரமாக இருப்பதுபோலத்தான் தெரியும். அதிகாலையிலும், வெயில் படாத வளைவுகளிலும், பாலங்களின் மேலும் இது அதிகம். வெயில் ஏறிய பிறகு கிளம்பி, அது இறங்கும் முன் சேர்ந்துவிடுவது நல்லது.

மூன்றாவது, நீங்களே ஓட்டும் நிலை வந்தால் திடீர் பிரேக்கும் திடீர் ஆக்சிலரேட்டரும் கூடாது. இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சின் பிடிப்பிலேயே இறங்குங்கள். முன் வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கத்தைவிடப் பல மடங்கு இடைவெளி விடுங்கள். சறுக்கினால் மிதிகளிலிருந்து காலை எடுத்துவிட்டு, போக வேண்டிய திசைக்கு ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். இரவில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளக்கூடும். சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்திற்குக் கல் வைப்பதே அங்குள்ளவர்களின் வழக்கம்.

நான்காவது, பனியில் சிக்கிவிட்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். உதவி எண்ணை அழைத்துவிட்டுக் காத்திருங்கள். எஞ்சினை ஓட்டும் முன் ஒவ்வொரு முறையும் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். காற்று வீசாத பக்கக் கண்ணாடியைச் சற்றே இறக்கி வையுங்கள். போர்வை, தண்ணீர், பேரீச்சம்பழம், கைவிளக்கு ஆகியவை எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

ஐந்தாவது, விடுதி அறையில் எரிவாயு ஹீட்டரோ கரி நெருப்போ எரிந்தால், படுக்கும் முன் அணைத்துவிடுங்கள். ஒரு சன்னல் சிறிது திறந்திருக்கட்டும். கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடித்து ஒலி எழுப்பும் சிறு கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. விடுதிகளில் இதைக் கட்டாயமாக்குவதும், ஏழைக் குடும்பங்களுக்கு மானியத்தில் கொடுப்பதும் அரசு செய்யக்கூடிய, பெரிய செலவில்லாத வேலைகள்.

அவர்கள் நம் ஊருக்கு வரும்போது

குளிர்காலத்தில் வேலை இல்லாமல், சால்வை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு காஷ்மீர் இளைஞர்கள் வெளிமாநிலங்களுக்குக் கிளம்புகிறார்கள். அண்மை ஆண்டுகளில் வட மாநிலங்கள் சிலவற்றில் அவர்கள் மிரட்டப்பட்டதும், அடிக்கப்பட்டதும், முழக்கம் எழுப்பச் சொல்லி வற்புறுத்தப்பட்டதும் செய்திகளாக வந்தன. பனியில் சிக்கிய பயணிகளிடம் குந்த் மக்கள் மதம் எது, மாநிலம் எது என்று கேட்டுவிட்டுப் பள்ளிவாசலைத் திறக்கவில்லை.

பாதைகளும் பாலங்களும் ஒரு நிலப்பரப்பை இன்னொன்றோடு இணைக்கும். மனிதர்களை இணைக்கும் வேலை நம் பொறுப்பில் இருக்கிறது. நம் தெருவில் சால்வை விற்க ஒரு காஷ்மீரி வந்தால், வாங்காவிட்டாலும் ஒரு குவளைத் தேநீர் கொடுத்து, ஊரில் பனி எப்படி என்று விசாரிப்போம். அந்த எழுபது நாட்களும் அவருடைய குடும்பம் அங்கேதான் இருக்கிறது.