சிறுசங்கிலி

காஞ்சிபுரத்துப் பட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தறியிலிருந்தே தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த இழை ஒரு புரதம். பிள்ளையார்பாளையத்துத் தறியில் ஏறுவதற்கு வெகுமுன்பே, ஒரு புழுவின் பட்டுச்சுரப்பிச் செல்லுக்குள் அது ஒரு நெடும்பயணத்தை முடித்துவிட்டிருக்கிறது.

வெளியே அனுப்பப்பட வேண்டிய புரதம் நேராக வெளியேறிவிடுவதில்லை. எண்டோபிளாச வலை என்னும் சவ்வு அறைக்குள் நுழைந்து, அங்கே மடிந்து உருப்பெற்று, நுண்பைகளில் ஏறிக் கோல்கை உறுப்பை அடைகிறது. அங்கே வகை பிரிக்கப்பட்டு, மறுபடியும் பைகளில் ஏறிச் செல்லின் விளிம்புக்கு வருகிறது. கணையச் செல்களில் இந்தப் பாதையைத் தடம்பிடித்த ஜார்ஜ் பலாடே 1974இல் நோபல் பரிசு பெற்றார். போகவேண்டிய இடத்தின் முகவரியைப் புரதம் தன்னுள்ளேயே சுமந்திருக்கிறது என்று காட்டிய குந்தர் புளோபெலுக்கு 1999இல் அப்பரிசு கிடைத்தது.

பட்டின் முதன்மைப் புரதம் ஃபைப்ராயின். அதில் 5,000க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த ஒரு பெருஞ்சங்கிலி உண்டு. ஏறத்தாழ 250 மட்டுமே கொண்ட ஒரு சிறுசங்கிலியும் உண்டு. இழையின் வலிமைக்குக் காரணம் பெரியதுதான். எனினும் சிறியது வந்து கந்தகப் பிணைப்பால் கைகோத்தால்தான் பெரியதற்கு முதல் அறையைவிட்டுப் புறப்பட வழி கிடைக்கிறது. சிறுசங்கிலி பழுதுபட்ட ஒருவகைப் புழுக்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றில் பெருஞ்சங்கிலி உருவாகிறது. ஆனால் எண்டோபிளாச வலையிலேயே தேங்கிவிடுகிறது. அப்புழு கட்டும் கூடு, பெரும்பாலும் செரிசின் என்னும் பசையாலான மெல்லிய உறைதான்.

இதைப் படித்தபோது எனக்குக் கோர்வைச் சேலை நினைவுக்கு வந்தது. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் பிணையும் அந்த நெசவுக்கு ஒருவர் போதாது. கரையின் நாடாவை எறிய இன்னொருவர் அருகில் அமரவேண்டும். நெடுங்காலம் பல தறிகளில் அந்த இன்னொருவர் ஒரு சிறுவன் அல்லது சிறுமி. சேலையின் புகழில் அவர்களுக்குப் பங்கிருந்ததில்லை.

செல்லுக்கு அறம் கிடையாது. உவமையை மிகவும் இழுத்தால் அறுந்துவிடும். ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். துணைக்கு ஆள் கிடைக்காமல் கோர்வை அருகிவருவதாக இன்று வருந்துகிறோம். பிள்ளைகள் தறியைவிட்டுப் பள்ளிக்குப் போனது நல்லதே. வருந்தவேண்டியது, அந்த இடத்தில் அமரும் பெரியவருக்கு வாழத்தக்க கூலியைச் சேலையின் விலையில் நாம் சேர்க்காததைப் பற்றித்தான். மன்னர், கோயில், சரிகை, முகூர்த்தம் என்று பட்டைப் பாடும் நம் எழுத்து முழுவதும் பெருஞ்சங்கிலிகளே. சிறியது இல்லாமல் இழையே வெளிவருவதில்லை என்பதைப் புழுவின் செல் அறிந்தா செய்கிறது? அறிந்தும் மறந்திருப்பவர்கள் நாம்தான்.