உளியை யார் வரைவது?

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்தது, நல்லதே. ஆனால் அச்சிற்பியின் உளிகள் எத்தனை வகை, எது எந்த வளைவைச் செதுக்கும் என்று வரைந்து வைத்த ஏடு எங்கே என்று கேட்கிறோம்.

அமெரிக்காவில் பெருமந்தக் காலத்தில், 1935இல், வேலையிழந்த ஓவியர்களுக்கு அரசே கூலி கொடுத்துப் பழைய கைவினைப் பொருள்களை வரையச் செய்தது. ஒட்டுத்துணிப் போர்வை, மண்சாடி, மரப்பொம்மை, கப்பல் முகப்புச் சிலை என்று 1942க்குள் சுமார் 18,000 ஓவியங்கள். இன்று அவை வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளன. வரைந்தவர்களில் பெரும்பாலோரை அந்நாட்டு வாசகரே அறியார்.

நமக்குச் சில்பி வாய்த்தார். ஆனந்த விகடனில் கோயிற்சிற்பங்களை வரைந்த அவரைக் கொண்டாடுகிறோம், சரிதான். ஆனால் கோயிலைத் தாண்டிய எதுவும் நம் இலக்கியவாதிகளுக்குக் கலையாகவே படுவதில்லை. 'அதுதான் கேமரா இருக்கிறதே' என்பார்கள். மரப்பொருத்தின் உட்புறம் கேமராவுக்குத் தெரியாது. கோட்டோவியம் பிளந்து காட்டும்.

அமெரிக்கத் தொகுப்பையும் நாம் வழிபட வேண்டியதில்லை. தொல்குடியினரின் பொருள்கள் மானிடவியலாரின் பாடு என்று அது வேண்டுமென்றே விலக்கியது. இங்கும் கள்ளக்குறிச்சிக் கடைவீதியோடு நின்று கல்வராயன் மலையை விட்டுவிடுவார்கள் என்பதே நம் அச்சம். சாமை குற்றும் உரலும் கடுக்காய் பொறுக்கும் கூடையும் சிற்பத்துக்கு அடுத்த பக்கத்திலேயே வர வேண்டும். அட்டைக்கு அரூப ஓவியம் கேட்டு வாங்கும் சிற்றிதழாசிரியர்கள், அடுத்த இதழுக்கு ஓர் ஓவியரை மலைக்கு அனுப்பட்டும், கூலியோடு.