ஜவ்வு மிட்டாயாய் இழுபடும் வெளிச்சம்

நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையம் படுகை அணைக்கு வருகிறவர்கள் காவிரியில் குளிப்பார்கள், சுடச்சுட மீன் வறுவல் சாப்பிடுவார்கள், பொழுது சாய்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். நவம்பர், டிசம்பரில் மேகமில்லாத ஓர் இரவு, விளக்கு வெளிச்சத்தை விட்டுச் சற்றுத் தள்ளி நின்று வடக்கே அண்ணாந்து பார்த்தால் இன்னொரு காட்சியும் கிடைக்கும். பிய்த்துப் போட்ட பஞ்சு போல மங்கலாக ஒரு திட்டு. அதுதான் ஆண்ட்ரோமேடா. நம் பால்வெளியைப் போலவே கோடானுகோடி நட்சத்திரங்கள் கொண்ட இன்னொரு கேலக்ஸி. அங்கிருந்து 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட வெளிச்சம் இன்று நம் கண்ணில் விழுகிறது.

அதற்கும் அப்பால் எண்ணிலடங்கா கேலக்ஸிகள் இருக்கின்றன. அவற்றின் வெளிச்சமும் பூமிக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. நம் கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை? தொலைவு அதிகம், அதனால் மங்கல் என்பது ஒரு காரணம். மிகத் தொலைவில் இருப்பவற்றுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வருகிற வழியிலேயே வெளிச்சத்தின் நிறம் மாறிவிடுகிறது.

கோடைக்கானலில் கண்டது

ஹாரன் அடித்தபடி வேகமாக வரும் பஸ்ஸைக் கவனித்திருப்பீர்கள். நெருங்கும்போது சத்தம் கீச்சென்று இருக்கும். கடந்து போனதும் சட்டென்று சுருதி இறங்கிவிடும். வெளிச்சமும் அலைதான் என்பதால் அதற்கும் இந்தக் கதை உண்டு. விலகிப் போகும் பொருளின் ஒளி அலை நீண்டு, சிவப்புப் பக்கம் நகரும். நெருங்கி வந்தால் அலை சுருங்கி, நீலப் பக்கம் நகரும்.

நகர்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? ஹைட்ரஜன், இரும்பு என ஒவ்வொரு தனிமமும் வெளிச்சத்தில் கைரேகை போலக் கோடுகளைப் பதிக்கிறது. அந்தக் கோடுகள் வழக்கமான இடத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று அளந்தால் போதும். 1909 ஜனவரியில் கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் இதைத்தான் செய்தார். சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்பதைக் கோடுகளின் நகர்வை வைத்தே சொன்னார். அதை இன்றும் ‘எவர்ஷெட் விளைவு’ என்றே உலகம் அழைக்கிறது.

1912-ல் அமெரிக்காவில் வெஸ்டோ ஸ்லைஃபர் ஆண்ட்ரோமேடாவின் வெளிச்சத்தை இதே முறையில் ஆராய்ந்தார். கோடுகள் நீலப் பக்கம் நகர்ந்திருந்தன. நொடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் அது நம்மை நோக்கி வருகிறது! ஆனால் அடுத்தடுத்துப் பார்த்த கேலக்ஸிகளில் பெரும்பாலானவை சிவப்புப் பக்கமே நகர்ந்திருந்தன. எவ்வளவு தொலைவோ அந்த அளவுக்கு விலகும் வேகமும் அதிகம் என்பதை 1929-ல் எட்வின் ஹப்பிள் காட்டினார்.

இடமே விரிகிறது

அப்படியானால் எல்லாக் கேலக்ஸிகளும் நம்மைக் கண்டு ஓடுகின்றனவா? இல்லை. இடையில் இருக்கும் இடமே விரிகிறது.

திருவிழாக் கூட்டத்தில் மூங்கில் கழியில் ஜவ்வு மிட்டாய் சுற்றி வருபவர், அதை இழுத்து இழுத்துக் கடிகாரம் செய்து பிள்ளைகளின் கையில் கட்டுவார். இழுப்பதற்கு முன் அந்த மிட்டாயில் ஓர் அலை வரைந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். மிட்டாய் இரண்டு மடங்கு நீண்டால் அலையும் இரண்டு மடங்கு நீளும். வெளிச்சத்துக்கு நடப்பதும் அதுவே. பஸ் ஹாரனின் மாற்றம் பஸ்ஸின் வேகத்தால் வருவது. தொலைதூரக் கேலக்ஸியின் வெளிச்சமோ, புறப்பட்ட பிறகு வழி நெடுக இழுபட்டுக்கொண்டே வருகிறது. அது புறப்பட்ட நாளிலிருந்து பிரபஞ்சம் எத்தனை மடங்கு விரிந்ததோ, அலையும் சரியாக அத்தனை மடங்கு நீண்டிருக்கும்.

ஜேடர்பாளையத்தில் பிரியும் ராஜவாய்க்காலின் கரையில் ஒருவர் நடப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் நடக்க நடக்கக் கரையும் நீண்டுகொண்டே போகிறது. முன்னால் இருக்கும் வழி நீள்வது போலவே, நடந்து முடித்த வழியும் பின்னால் நீள்கிறது. போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தால், கால் நடந்த தூரத்தைவிட அணை வெகு தொலைவில் இருக்கும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2024-ல் காட்டிய ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற கேலக்ஸியின் கதையும் இதுதான். அதன் வெளிச்சம் சுமார் 1,350 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்தது. ஆனால் அந்தக் கேலக்ஸி இன்று 3,300 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிறது.

அதன் அலை 15 மடங்கு நீண்டுவிட்டது. ஹைட்ரஜனின் முக்கியமான ஒரு கோடு 121.6 நானோமீட்டரில் புறப்பட்டு, சுமார் 1,850 நானோமீட்டரில் வந்து சேர்கிறது. நம் கண் பார்ப்பது ஏறத்தாழ 400 முதல் 700 வரைதான். அதனால்தான் வெப் தொலைநோக்கியை அகச்சிவப்பு ஒளியைப் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள்.

அஸ்ட்ரோசாட்டுக்குக் கிடைத்த உதவி

இந்த இழுபறியால் நன்மையும் உண்டு. 2015-ல் இஸ்ரோ அனுப்பிய அஸ்ட்ரோசாட்டில் புற ஊதா தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. கோடைக்கானல், காவலூர் ஆய்வகங்களை நடத்தும் இந்திய வான் இயற்பியல் மையத்தின் தலைமையில் உருவானது அது. 930 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒரு கேலக்ஸியின் வெளிச்சத்தை 2016 அக்டோபரில் 28 மணி நேரத்துக்கும் மேலாக அது சேகரித்தது. முடிவு 2020-ல் வெளியானது. புறப்படும்போது அந்த ஒளியின் அலைநீளம் 60 நானோமீட்டர் அளவில்தான் இருந்தது. அதைப் பார்க்கும் திறன் அந்தத் தொலைநோக்கிக்குக் கிடையாது. வழியில் ஏறத்தாழ 2.4 மடங்கு நீண்டு வந்ததால்தான் அகப்பட்டது.

‘எல்லாம் விரிகிறது என்றால் நம் வீடும் விரிகிறதா?’ என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். விரியாது. வீட்டையும் உடம்பையும் அணுக்களுக்கு இடையிலான விசை கட்டிப்போட்டிருக்கிறது. பூமியையும் பால்வெளியையும் ஈர்ப்புவிசை பிடித்து வைத்திருக்கிறது. ஆண்ட்ரோமேடா நம்மை நோக்கி வருவதும் அந்த ஈர்ப்பால்தான்.

இனி வராத வெளிச்சம்

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர், 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது ஒரு கணக்குப் போட்டார். வெள்ளைக் குள்ளன் எனப்படும் முதிய நட்சத்திரத்தின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று சொன்ன கணக்கு அது. அந்த எல்லையை நெருங்கும் நட்சத்திரம் வெடித்தால், அதன் பிரகாசத்தை வைத்துத் தொலைவைக் கணக்கிடலாம். இத்தகைய வெடிப்புகளை ஆராய்ந்த இரண்டு குழுக்கள் 1998-ல் ஒரு முடிவைச் சொன்னபோது உலகமே திகைத்தது. விரிவின் வேகம் கூடிக்கொண்டே போகிறது!

இதன் பொருள் என்ன? இன்று சுமார் 1,600 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் கேலக்ஸி எதுவானாலும், இந்த நிமிடம் அது அனுப்பும் வெளிச்சம் நமக்கு ஒருபோதும் வந்து சேராது. நாம் பார்ப்பது, முன்பே அது அனுப்பியதைத்தான். பல்லாயிரம் கோடி ஆண்டுகள் கழித்து யாராவது வானத்தைப் பார்த்தால், ஈர்ப்பால் ஒன்றாகக் கட்டுண்ட நம் பக்கத்துக் கேலக்ஸிகள் மட்டுமே தெரியும். மற்றவற்றின் வெளிச்சம் எந்தக் கருவிக்கும் எட்டாதபடி நீண்டு மங்கியிருக்கும். பிரபஞ்சம் விரிகிறது என்பதையே அவர்களால் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். அதைச் சொல்லும் கோடுகள் இன்னும் படிக்கக் கிடைக்கிற காலத்தில்தான் நாம் இருக்கிறோம்.